நெல் வயலுக்கு மேல் 3 மீட்டர்: தெளிப்பு டிரோனில் ராடார் உயரமானி பொருத்திய பதிவு

10 லிட்டர் தொட்டி வைத்த ஆறு விசிறி டிரோன், ஆர்டுபைலட் என்ற பறப்பு மென்பொருள் ஓடும் பிளைட் கன்ட்ரோலர், அடியில் தரையைப் பார்த்தபடி ஒரு 24 கிகாஹெர்ட்ஸ் ராடார். நடவு முடிந்து தண்ணீர் பளபளக்கும் வயலிலும், கதிர் வந்து மூடிய வயலிலும் இப்போது நாசில் (தெளிப்பு முனை) உயரம் சொன்ன இடத்தில் நிற்கிறது. ஏறி இறங்கும் பிசகு 20 செ.மீ.க்குள் அடங்கிவிட்டது. ராடாரை வாங்கி மாட்டியதும் கிடைத்த பலன் இல்லை இது. அந்த ராடாரின் பார்வைக்குள் என்னென்ன விழுகிறது என்று ஒவ்வொன்றாகத் தேடி விலக்கிய பிறகு கிடைத்தது. வேலை நடந்த வரிசையிலேயே எழுதுகிறோம்.

உயரத்துக்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? ஒன்றரை மீட்டருக்குக் கீழே இறங்கினால் விசிறிக் காற்று பயிரைப் படுக்க வைக்கும், தெளிப்பு அகலமும் சுருங்கித் திட்டுத் திட்டாக விழும். 4 மீட்டருக்கு மேலே போனால் மருந்து பக்கத்து வயலுக்குப் போகும். நடுவில் கிடைக்கும் இடம் குறைவு.

பாரோமீட்டரை மட்டும் நம்பினால் அந்த இடத்துக்குள் நிற்க முடியாது. தரையருகே 1 மீட்டர் ஏறினால் காற்றழுத்தம் 12 பாஸ்கல்தான் குறையும். வெயிலில் போர்டு சூடாவது, தொட்டி காலியாகக் காலியாக விசிறி வேகம் குறைந்து கூட்டைச் சுற்றிய அழுத்தம் மாறுவது, ஒரு காற்று அடித்து ஓய்வது என எதுவும் அந்த 12 பாஸ்கலை விழுங்கிவிடும். ஒரு தொட்டி தெளித்து முடிப்பதற்குள் ஒரு மீட்டர், சில நாள் ஒன்றரை மீட்டர் வரை நகர்கிறது. ஆர்டிகே ஜிபிஎஸ், அதாவது தரை நிலையத்தின் திருத்தத்தோடு இயங்கும் ஜிபிஎஸ், சென்டிமீட்டர் கணக்கில் உயரம் சொல்லும், உண்மைதான். ஆனால் அது புறப்பட்ட இடத்திலிருந்து உள்ள உயரம். மேல்மடை வயலுக்கும் கீழ்மடை வயலுக்கும் அரை மீட்டர் வித்தியாசம் இருந்தால் அதற்கு அது தெரியாது, பயிர் வளர்ந்திருப்பதும் தெரியாது. மென்பொருளில் கிடைக்கும் நிலப்பரப்பு உயரத் தரவு 100 மீட்டருக்கு ஒரு புள்ளி. மலைச்சரிவுக்கு அது போதும், வரப்பு கட்டிய வயலுக்குப் போதாது.

லிடாரோடு முடிந்தது எதுவரை

முதலில் மாட்டியது 850 நானோமீட்டர் ஒளியை அனுப்பித் தூரம் அளக்கும் சின்ன லிடார். விலை இரண்டாயிரத்துச் சொச்சம், எடை சில கிராம். காய்ந்த தரை, புல்வெளி, கடலை வயல் எல்லாவற்றிலும் ஒழுங்காக வேலை செய்தது. நெல்லில்தான் சிக்கல். அதன் கதிர் 2 டிகிரிதான் அகலம். 3 மீட்டர் உயரத்தில் தரையில் 10 செ.மீ. வட்டம். தேங்கிய தண்ணீர் அசையாமல் இருந்தால் கண்ணாடி மாதிரி. டிரோன் 10 டிகிரி முன்சாய்ந்து போகும்போது ஒளி மறுபக்கம் தெறித்துப் போய்விடும், திரும்பி வராது. பதிவுக் கோப்பில் தூரக் கோடு துண்டு துண்டாக அறுந்து கிடந்தது. தூர் கட்டிய பயிரில் வேறு தொல்லை: அந்த 10 செ.மீ. வட்டம் ஒரு நொடி இலையில் விழும், அடுத்த நொடி இரண்டு குத்துக்கு நடுவே தண்ணீரில் விழும். டிரோன் தையல் ஊசி போல ஏறி இறங்கியது. லென்ஸில் தெளிப்புத் துளி படிந்தால் அதுவும் போச்சு. அல்ட்ராசானிக் சென்சாரைப் பற்றி எழுத அதிகம் இல்லை. இந்த அளவு விசிறிகளின் இரைச்சலுக்கு நடுவே அதற்குக் காது கேட்காது.

ராடாரின் அலை விரியும் கூம்பு அகலம். அதுதான் இங்கே அதன் பலமும் தொல்லையும். நாங்கள் எடுத்தது ஐன்ஸ்டைன் யூஎஸ்-டி1: அரை மீட்டர் முதல் 50 மீட்டர் வரை, எடை 110 கிராம், மின்சாரம் சுமார் 2 வாட், கூம்பு ஒரு பக்கம் 43 டிகிரி, மறுபக்கம் 30 டிகிரி. விலை அந்த லிடாரைப் போல 20 மடங்குக்கும் மேல். டிரோன் 20 டிகிரி வரை சாய்ந்தாலும் நேர் கீழே உள்ள தண்ணீர் 43 டிகிரிப் பக்கக் கூம்புக்குள்ளேயே இருக்கும், எதிரொலி திரும்பி வந்துவிடும். லிடார் தோற்ற இடத்தில் இது ஜெயிப்பதற்குக் காரணம் இவ்வளவுதான்.

மின்சாரமும் ஒயரும்

5 வோல்ட்டில் 2 வாட் என்றால் 400 மில்லிஆம்பியர். கன்ட்ரோலரின் சீரியல் போர்ட்டிலிருந்து இதை எடுக்க வேண்டாம். அதே 5 வோல்ட்டை ஜிபிஎஸ், டெலிமெட்ரி எல்லாம் பங்கு போட்டுக்கொள்கின்றன. தனியாக 5 வோல்ட் 3 ஆம்பியர் பெக் (பேட்டரி மின்னழுத்தத்தைக் குறைத்துத் தரும் சின்ன போர்டு) ஒன்று வைத்து, அதன் கிரவுண்டை மட்டும் கன்ட்ரோலரின் கிரவுண்டோடு சேர்த்தோம். கிரவுண்ட் சேராவிட்டால் தரவு வரும், ஆனால் குப்பை கலந்து வரும். தரவு அனுப்பும் முனையும் (டிஎக்ஸ்) வாங்கும் முனையும் (ஆர்எக்ஸ்) ஒன்றுக்கொன்று குறுக்காகப் போக வேண்டும். பம்ப் மோட்டாருக்குப் போகும் ஒயரோடு சேர்த்துக் கட்டாமல், மறுபக்கக் கையோடு கொண்டுபோனோம். மோட்டார்கள் முழு வேகத்தில் இருக்கும்போது ராடார் முனையில் மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கவும். 4.9 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் ஒயரைத் தடிமனாக்க வேண்டும்.

பொருத்தும் இடம்

நேரம் முழுக்க இங்கேதான் போனது. தொட்டியின் அடித்தட்டில், இரண்டு கால்களுக்கும் நடுவே ராடார். தரையில் நிற்கும்போது ராடார் முகம் தரையிலிருந்து 42 செ.மீ. உயரம். கால்களின் அடிக்குழாய் நடுவிலிருந்து பக்கவாட்டில் 30 செ.மீ. தள்ளி. கால்குலேட்டரில் போட்டால் குழாய் செங்குத்திலிருந்து 35 டிகிரி விலகி இருக்கிறது. கூம்பின் பாதி 21.5 டிகிரிதானே, இடிக்காது என்று தோன்றும். ஆனால் கூம்பு என்று தாளில் எழுதியிருப்பது சக்தி பாதியாகக் குறையும் எல்லை. அதற்கு வெளியே ராடார் குருடாகிவிடுவதில்லை. பக்கத்திலேயே இருக்கும் கார்பன் குழாய், பலவீனமான ஓரக் கதிரிலும் பலமாகத் திருப்பி அடிக்கும்.

விளைவு விசித்திரமாக இருந்தது. 3 மீட்டரில் பறந்துகொண்டிருக்கும்போது அவ்வப்போது 0.52 மீட்டர் என்று ஒரு அளவு. முகத்திலிருந்து குழாய்க்கு நேர்கோட்டுத் தூரம் கணக்குப் போட்டால் 51.6 செ.மீ.! ராடாரின் குறைந்தபட்ச வரம்பு 50 செ.மீ. அதைவிட ஒன்றரை செ.மீ. அதிகமாக இருப்பதால் மென்பொருள் அதை நல்ல அளவாக ஏற்றுக்கொள்கிறது. திடீரென்று 2 மீட்டருக்கு மேல் தாவும் அளவை ஆர்டுபைலட் உடனே நம்பாது, ஆனால் மூன்று முறை தொடர்ந்து வந்தால் நம்பிவிடும். நம்பினால் பயிர் அரை மீட்டரில் இருக்கிறது என்று நினைத்து மேலே தூக்கும்.

இரண்டு காரியம் செய்தோம். ராடாரை 90 டிகிரி திருப்பி, 30 டிகிரிப் பக்கம் கால்களை நோக்கியும் 43 டிகிரிப் பக்கம் முன்பின்னாகவும் வருமாறு வைத்தோம். இப்போது கூம்பின் ஓரத்துக்கும் குழாய்க்கும் நடுவே 20 டிகிரி இடைவெளி. பிறகு மென்பொருளில் குறைந்தபட்ச வரம்பை 80 செ.மீ. ஆக்கினோம். 80-க்குக் கீழே இருப்பதை அளக்க வேண்டிய தேவை தெளிப்பில் இல்லை. அகலப் பக்கம் முன்பின்னாக இருப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு: 3 மீட்டரில் அது 2.4 மீட்டர் நீளத்தைப் பார்க்கும், ஆக வரப்பு நேர் கீழே வருவதற்கு முன்பே எதிரொலி வரத் தொடங்கும், டிரோன் கொஞ்சம் முன்கூட்டியே ஏறும்.

தொங்கும் எதுவும் கூம்புக்குள் இருக்கக் கூடாது. தெளிப்புக் குழாய் ஒன்று தளர்ந்து ராடாருக்குக் கீழே வளைந்து நின்றால் போதும், அதற்குள் தண்ணீர் வேறு இருப்பதால் நல்ல எதிரொலி தரும். ஒவ்வொரு பறப்புக்கு முன்பும் குனிந்து அடிப்பக்கத்தைப் பார்ப்பது இப்போது சரிபார்ப்புப் பட்டியலில் முதல் வரி.

பிராக்கெட்டுக்கு முதலில் போட்ட 1.5 மி.மீ. அலுமினியம் மோட்டார் அதிர்வில் நடுங்கியது. இந்த வகை ராடாரில் அதிர்வு, அருகில் ஏதோ இருப்பது போன்ற பொய் எதிரொலியாக வரும். 3 மி.மீ. தகடு, நான்கு மூலையிலும் ரப்பர் புஷ். அதன் பிறகு அந்தத் தொல்லை இல்லை.

மருந்து படாமல் ஒரு மூடி

சென்சார் தண்ணீர் புகாதது. ஆனால் மருந்துக் கரைப்பான் நாள்பட அதன் முகத்தில் படிவது நல்லதல்ல என்று ஒரு மூடி செய்தோம். கார்பன், அலுமினியம் இரண்டும் கூடவே கூடாது, ராடார் குருடாகிவிடும். ஏபிஎஸ் பிளாஸ்டிக் சில மருந்துகளின் கரைப்பானில் வெடிப்பு விடும். ஆகவே எச்டிபிஇ என்ற பிளாஸ்டிக். காய்கறி நறுக்கும் வெள்ளைப் பலகை அதுதான், பாத்திரக் கடையில் கிடைக்கும். வாங்கும்போது ஒட்டியிருக்கும் சீட்டில் எச்டிபிஇ என்று எழுதியிருக்கிறதா என்று பார்க்கவும்.

கனம் முக்கியம். 24 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் காற்றில் 12.4 மி.மீ. எச்டிபிஇக்குள் அது சுருங்கி 8.2 மி.மீ. ஆகிறது. மூடியின் கனம் அதில் பாதி, அதாவது 4.1 மி.மீ. இருந்தால் மூடியின் இரண்டு பரப்பிலிருந்தும் திரும்பும் அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். 2 மி.மீ. கனத்தில் செய்தால் மெல்லியதுதானே என்று தோன்றும், ஆனால் அதுதான் மிக மோசமான கனம். பலகையை இழைத்து 4.1-க்குக் கொண்டுவந்து, வெர்னியரில் நான்கு இடத்தில் அளந்து, 6 மி.மீ. நைலான் ஸ்பேசர் வைத்து மாட்டினோம். உலோக ஸ்குரூ வேண்டாம், நைலான் ஸ்குரூ போதும். மூடியில் படியும் தண்ணீர்ப் படலம்தான் மீதிப் பிரச்சினை. தொட்டி நிரப்பும் ஒவ்வொரு முறையும் துணியால் துடைத்துவிட்டால் தீர்ந்தது.

மென்பொருளில் மாற்றியவை

கணினியில் ஆர்டுபைலட்டை அமைக்கும் மிஷன் பிளானரில், ராடார் செருகிய சீரியல் 4-க்கு புரோட்டோகால் 9, வேகம் 115. ரேஞ்ச்ஃபைண்டர் (தூரமானி) 1-க்கு வகை 11, திசை 25, அதாவது கீழ்நோக்கி. குறைந்தபட்சம் 80 செ.மீ., அதிகபட்சம் 20 மீட்டர், தரை இடைவெளி 42 செ.மீ. பதிப்பைப் பொறுத்து இந்தப் பெட்டிகள் சென்டிமீட்டரிலா மீட்டரிலா என்று மாறும், பக்கத்தில் எழுதியுள்ள அலகைப் படித்துவிட்டு நிரப்பவும். கன்ட்ரோலரை அணைத்து மீண்டும் போட்டதும் ஸ்டேட்டஸ் பக்கத்தில் சோனார்ரேஞ்ச் என்ற எண் அசைய வேண்டும். டிரோனை இருவர் பிடித்துத் தூக்கினால் எண்ணும் கூடவே ஏற வேண்டும். அது பூஜ்யத்திலேயே நின்றால் பத்தில் ஒன்பது முறை டிஎக்ஸ், ஆர்எக்ஸ் மாறியிருக்கும்.

தானியங்கிப் பறப்புக்கு வேபாயின்ட் (வழிப்புள்ளி) பகுதியில் ரேஞ்ச்ஃபைண்டர் பயன்பாட்டை 1 ஆக்கி, மிஷனில் (பறப்புத் திட்டத்தில்) உயர வகையை டெரெய்ன், அதாவது கீழே உள்ள தரையிலிருந்து, என்று வைக்க வேண்டும். இதில் ஒரு வழியை மட்டும் எடுக்க வேண்டாம்: சென்சார்களை எல்லாம் கலந்து டிரோனின் நிலையைக் கணிக்கும் ஈகேஎஃப்பின் உயர மூலத்தையே ரேஞ்ச்ஃபைண்டருக்கு மாற்றுவது. கேட்க நேராகத் தோன்றும், ஆனால் வாய்க்காலைத் தாண்டும்போது டிரோனே ஒரு மீட்டர் தாவியதாகக் கன்ட்ரோலர் நினைத்துக்கொள்ளும். உயர மூலமாகப் பாரோமீட்டரே இருக்கட்டும். ராடார் இலக்கு உயரத்தை மேலே கீழே நகர்த்தும் வேலையை மட்டும் செய்யட்டும். ஒற்றை உயரமானியிடம் முழு அதிகாரத்தையும் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு விமானத் துறையில் கசப்பான உதாரணம் உண்டு. 2009 பிப்ரவரி 25 அன்று ஆம்ஸ்டர்டாம் ஸ்கிபோல் விமான நிலையத்தில் இறங்க வந்த போயிங் 737-800 ஒன்றின் இடதுபக்க ரேடியோ உயரமானி, தரையிலிருந்து இன்னும் ஏறத்தாழ 2,000 அடி உயரத்தில் இருக்கும்போதே மைனஸ் 8 அடி என்று காட்டியது. தானியங்கி திராட்டில் (எஞ்சின் சக்தியைக் கட்டுப்படுத்தும் அமைப்பு) தரை வந்துவிட்டதாக எடுத்துக்கொண்டு எஞ்சின் வேகத்தைக் குறைத்தது. வேகம் விழுந்ததை விமானிகள் நேரத்தில் கவனிக்கவில்லை. 9 பேர் இறந்தார்கள்.

டெரெய்ன் மிஷனில் ராடார் தரவு 5 நொடி நின்றால் ஆர்டுபைலட் வீடு திரும்பும் முறைக்குப் போகும். அதன் உயரம் இயல்பில் 15 மீட்டர். தென்னை நிற்கும் வயலில் அது மரத்தின் கழுத்துக்கு நேராக இருக்கும். 30 மீட்டர் ஆக்கிவிட்டுத்தான் முதல் மிஷனைப் போட வேண்டும்.

அளவு சரிபார்த்தது

கட்டட வேலைக்கான சாரக்குழாயில் கப்பி மாட்டி, டிரோனை விசிறி இல்லாமல் கயிற்றில் ஏற்றினோம். அளக்க ஸ்டீல் டேப் வேண்டாம், கூம்புக்குள் அதுவே எதிரொலி தரும். மீட்டருக்கு ஒரு முடிச்சு போட்ட நைலான் நூலில் சின்னக் கல்லைக் கட்டித் தொங்கவிட்டோம். சாரத்தின் கால்கள் நடுவிலிருந்து 3 மீட்டருக்கு மேல் தள்ளி இருக்க வேண்டும். 1 மீட்டர் முதல் 6 மீட்டர் வரை ராடார் ஒரே சீராக 6 செ.மீ. கூட்டிச் சொன்னது. சீரான பிசகு என்றால் கவலை இல்லை. சீரியல் ராடாருக்கு ஆர்டுபைலட்டில் இந்த மாதிரிப் பிசகைக் கழிக்கும் ஆஃப்செட் பெட்டி வேலை செய்யாது, ஆக அதை மிஷன் உயரத்திலேயே சேர்த்துவிட வேண்டியதுதான். எங்கள் நாசில்கள் ராடார் முகத்தைவிட 12 செ.மீ. மேலே இருக்கின்றன. நாசிலுக்கு 3 மீட்டர் வேண்டுமென்றால் ராடார் 2.94 காட்ட வேண்டும்.

பறக்கும்போது சரிபார்க்க, 50 செ.மீ.க்கு ஒரு சிவப்பு டேப் சுற்றிய 4 மீட்டர் மூங்கில் கோல். அதை வயலில் நட்டு, கோலிலிருந்து 3 மீட்டர் தள்ளி டிரோனை நிறுத்தி, நாசில் உயரத்தைக் கோலோடு ஒப்பிட்டுப் படம் எடுப்போம். கோல் கிட்டே இருந்தால் ராடார் கோலையே அளக்கும். படம் எடுப்பவர் தூரத்தில், வரப்பில், கண் மட்டம் உயரத்தோடு ஒத்துப்போகுமாறு ஏணி மேல் நின்று எடுத்தால் கோணப் பிசகு குறையும். சோதனைகள் எல்லாவற்றிலும் தொட்டியில் வெறும் தண்ணீர்தான்.

பயிரின் நடுப்பருவம்

எதிர்பாராதது இங்கே வந்தது. நாற்று நட்ட புதிதில் ராடார் தண்ணீர் மட்டத்தைச் சொல்கிறது. கதிர் வந்து மூடிய பிறகு இலை மட்டத்தைச் சொல்கிறது. நடுவில், தூர் கட்டி 50, 60 செ.மீ. வளர்ந்து இன்னும் வரிசை மூடாத பயிரில், இரண்டும் இல்லாமல் ஏதோ ஒரு நடு எண். அதுவும் வயலுக்குள்ளேயே இடத்துக்கு இடம் மாறியது.

ராடாரைக் குறை சொல்ல முடியாது. 24 கிகாஹெர்ட்ஸில் பொதுப் பயன்பாட்டுக்கு இருக்கும் அலைவரிசைப் பட்டை 250 மெகாஹெர்ட்ஸ். அந்த அகலத்தில் இரண்டு பொருள்களைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க அவற்றுக்கு நடுவே குறைந்தது 60 செ.மீ. இருக்க வேண்டும். ஒற்றைப் பொருளின் தூரத்தைச் சில செ.மீ. துல்லியத்தில் சொல்லும் அதே கருவி, 55 செ.மீ. இடைவெளியில் இலை நுனியும் தண்ணீரும் இருந்தால் இரண்டையும் ஒரே கட்டியாகத்தான் பார்க்கும். எது பலமாகத் திருப்பி அடிக்கிறதோ அந்தப் பக்கம் எண் சாயும்.

இதற்கு மென்பொருளில் மருந்து இல்லை. வயலில் செய்வது இதுதான்: பயிர் உயரத்தை ஐந்தாறு இடத்தில் அளவுகோலால் அளந்து, மூங்கில் கோலிலிருந்து அதே 3 மீட்டர் தள்ளி ஒரு நிமிடம் நிறுத்தி, ராடார் எண்ணுக்கும் உண்மையான இலை மட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தை எடுத்து, மிஷன் உயரத்தில் சேர்ப்பது. நடுப்பருவத்தில் இது 20 முதல் 35 செ.மீ. வரை வந்தது. வரிசை மூடியதும் இந்தத் திருத்தத்தை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வீணாக உயரத்தில் பறக்கும்.

வரிசை முடிவில் ஏன் ஏறியது

பதிவுக் கோப்பில் இன்னொன்று தெரிந்தது. ஒவ்வொரு வரிசையின் முடிவிலும், பிரேக் பிடிக்கும்போது, டிரோன் கொஞ்சம் மேலே ஏறி இறங்கியது. ஆர்டுபைலட் ராடார் எண்ணைச் சாய்வுக் கோணத்தின் கொசைனால் பெருக்குகிறது. லிடார் மாதிரி ஒல்லியான கதிருக்கு அது சரி: சாய்ந்த கதிர் நீண்ட தூரத்தை அளக்கும், அதைக் குறைக்க வேண்டும். அகலக் கூம்பு ராடார் சாய்ந்தாலும் நேர் கீழே உள்ள மிக அருகான புள்ளியையே அளக்கிறது. குறைக்க வேண்டியதில்லாததைக் குறைக்கிறது. 20 டிகிரி சாய்வில் கொசைன் 0.94, 3 மீட்டர் 2.82 ஆகக் காட்டும், டிரோன் 18 செ.மீ. ஏறும். மூல நிரலைத் திருத்தி அந்தப் பெருக்கலை எடுப்பது ஒரு வழி. நாங்கள் அதைத் தொடாமல் வேபாயின்ட் முடுக்கத்தை நொடிக்கு நொடி 2.5-லிருந்து 1 மீட்டராகக் குறைத்தோம். சாய்வு 14 டிகிரியிலிருந்து 6 டிகிரிக்கு இறங்கியது, பிசகு 2 செ.மீ.க்குள். திரும்புவதற்குக் கூடுதலாகக் கொஞ்சம் நேரம் ஆகிறது, பேட்டரியில் பெரிய வித்தியாசம் இல்லை.

கோப்பைப் படிக்கும்போது, ராடார் அளவுகள் பதிவாகும் ஆர்எஃப்என்டி வரியில் தூரத்தோடு ஸ்டேட் எண்ணையும் சேர்த்து வரைய வேண்டும். 4 என்றால் நல்ல அளவு, 2 என்றால் வரம்புக்குக் கீழே, 3 என்றால் மேலே, 1 என்றால் தரவே வரவில்லை. 1 வந்தால் ஒயரைப் பார்க்கவும். 2 வந்தால் கூம்புக்குள் எதுவோ தொங்குகிறது.

தென்னை ஓரத்தில் இன்னும் முழுத் தீர்வு இல்லை. வரப்போரம் மரம் நிற்கும் இடத்தில் தாழ்ந்த மட்டை கூம்புக்குள் வந்தால் அதைத் தரை என்று எண்ணி டிரோன் ஏறும். அங்கே வயல் எல்லையை மரத்திலிருந்து 4 மீட்டர் உள்ளே இழுத்து வரைகிறோம். விடுபட்ட பட்டைக்குக் கைத்தெளிப்பான்தான்.

அடுத்த டிரோனில் மாற்றப்போவது: கால்களின் அடிக்குழாய்களை 10 செ.மீ. அகலமாக வைப்பது, மூடியைக் கழற்ற நான்கு ஸ்குரூவுக்குப் பதில் ஒரு கிளிப், பெக்கைத் தொட்டியிலிருந்து தள்ளி மேல்தட்டில் வைப்பது. ராடாரையும் மாற்றிப் பார்க்க வேண்டும். 77 முதல் 81 கிகாஹெர்ட்ஸ் வகையில் 4 கிகாஹெர்ட்ஸ் பட்டை முழுவதையும் பயன்படுத்தினால் பிரித்தறியும் இடைவெளி 4 செ.மீ.க்கு வந்துவிடும். இலை நுனியையும் தண்ணீரையும் தனித்தனியாகச் சொல்ல அது போதும். ஆனால் அந்த அலையின் நீளம் 4 மி.மீ.க்கும் கீழே. எச்டிபிஇ மூடியை 1.3 மி.மீ.க்கு அல்லது அதன் மடங்குகளுக்கு இழைக்க வேண்டும், பத்தில் ஒரு மில்லிமீட்டர் பிசகும் அங்கே பெரிது. கையால் இழைத்தால் சரிப்படாது, லேத்தில் கொடுக்க வேண்டும்.